தண்டுவடக் காயமும் இரும்பும்: மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

முதுகில் அடிபட்டு எட்டு மாதமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பிக்கு ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே சமயம், தண்டுவடக் காயத்தில் இரும்புதான் நரம்பு செல்களைக் கொல்கிறது என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா, உடம்பிலுள்ள இரும்பை வெளியேற்றும் மருந்தைக் கேட்டு வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அடிபட்ட அன்று போன செல்கள் போக, உள்ளே இன்னமும் ஏதோ செத்துக்கொண்டிருக்கிறதா, தடுக்க வழியிருந்தும் நாம் சும்மா இருக்கிறோமா என்ற பயம் அது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் செல் உயிரியல் படித்தவன். அடிபட்ட எலிகளின் தண்டுவடத்தை ஆய்வகத்தில் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். நோயாளிக்கு மருந்து எழுதும் மருத்துவர் இல்லை. அதனால் செல்லுக்குள் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். தம்பிக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அவசரமான பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அதில் பேசப்படும் இரும்பு, ரத்தம் கசிந்து தண்டுவடத்துக்குள்ளேயே சிந்திய இரும்பு. அது முக்கியமாகச் சேதம் செய்வது அடிபட்ட முதல் சில மணி நேரத்திலிருந்து முதல் சில வாரங்கள் வரை. வாய்வழியாகப் போய், குடலில் உறிஞ்சப்பட்டு, எலும்பு மஜ்ஜையில் ரத்தமாகும் இரும்பின் கணக்கு வேறு. இந்த வித்தியாசம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தண்டுவடத்தில் அடி விழும்போது சேதம் ஒரே தடவையில் முடிந்துவிடுவதில்லை. எலும்பு நொறுங்கி அழுத்தும் அந்தக் கணத்தில் கிழிவது ஒரு பங்கு. அதற்குப் பிறகு மணிக்கணக்கில், நாள்கணக்கில், காயம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பரவுகிறது. அடியில் தப்பிய செல்கள் இந்த இரண்டாவது அலையில் போய்விடுகின்றன. இதை முதலில் சோதனையில் காட்டியவர் ஆலன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர். 1911இல் நாய்களின் தண்டுவடத்தின் மேல் குறிப்பிட்ட உயரத்திலிருந்து எடையை விழச்செய்து, ஒரே அளவான காயத்தை உண்டாக்கினார். சில நாய்களுக்கு மட்டும் காயம்பட்ட இடத்தை நடுவாக்கில் கீறி, உள்ளே தேங்கிய ரத்தத்தையும் சிதைந்த திசுவையும் வெளியேற்றினார். அவை மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. அந்தத் தேங்கிய குழம்பில் ஏதோ தீங்கான ரசாயனம் இருக்க வேண்டும் என்று 1914இல் எழுதினார். அது எது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இன்றைக்கு அந்த இடத்துக்குப் பல பெயர்களைச் சொல்லலாம். அவற்றில் வலுவான ஒன்று இரும்பு.

இரும்பு எப்படிக் கொல்கிறது? ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. நரம்பு செல்களின் சவ்வில், பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் நிறைய இருக்கின்றன. சவ்வு இளக்கமாக இருக்க அவை தேவை. ஆனால் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஹைட்ரஜன் அணு மிக எளிதாகக் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் ஒட்டும். அப்படி ஒட்டியது பக்கத்துக் கொழுப்பின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அங்கேயும் ஆக்சிஜன் ஒட்டும். சங்கிலி இப்படியே ஓடும். பாட்டிலில் நாள்பட்டுக் கிடந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதே வேதியியல்தான். உயிருள்ள செல்லின் சவ்வில் அது நடந்தால் சவ்வு ஓட்டையாகிவிடும்.

இந்தச் சங்கிலியில் இரும்புக்கு ஒரு தனி வேலை உண்டு. ஆக்சிஜன் ஏறிய கொழுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கக்கூடியது. அதன் பக்கத்தில் இரண்டு மின்னூட்டம் கொண்ட இரும்பு, அதாவது ஃபெரஸ் வடிவம், வந்தால் அதை உடைத்து, ரேடிகல் என்ற, பக்கத்திலிருப்பதைத் தாக்கும் புதிய துணுக்கு ஒன்றை உண்டாக்கும். உடனே நின்றுபோயிருந்த சங்கிலி மறுபடி ஓடத் தொடங்கும். ஃபெரஸ் இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் எவ்வளவு கடுமையாக ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்பதை ஃபென்டன் 1894இலேயே காட்டியிருந்தார். மூன்று மின்னூட்டம் கொண்ட ஃபெரிக் இரும்பு, புரதக் கூட்டுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருக்கும்வரை இந்த வேலையைச் செய்யாது. இந்த ஃபெரஸ், ஃபெரிக் வேறுபாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படி ஓடும் சங்கிலியை நிறுத்த ஒவ்வொரு செல்லிலும் காவல் இருக்கிறது. அதில் தலையாயது ஜிபிஎக்ஸ்4 என்ற நொதி. இத்தாலியில் ஃபுல்வியோ உர்சினியின் குழு 1982இல் அதைப் பிரித்தெடுத்தது. ஆக்சிஜன் ஏறிய கொழுப்பை அது தீங்கில்லாத ஆல்கஹாலாக மாற்றிவிடும். அதன் மையத்தில் செலினியம் இருக்கிறது. வேலை செய்ய அதற்குக் குளூட்டாத்தியோன் என்ற சிறிய மூலக்கூறு வேண்டும். குளூட்டாத்தியோன் செய்ய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். அதைப் பல செல்கள் வெளியிலிருந்து சிஸ்டின் என்ற இரட்டை வடிவில் உள்ளே எடுக்கின்றன. எடுக்கும் வழியில் ஒரு நிபந்தனை உண்டு: ஒரு சிஸ்டின் உள்ளே வந்தால், நரம்பு செல்கள் சமிக்ஞைக்குப் பயன்படுத்தும் குளூட்டமேட் ஒன்று வெளியே போக வேண்டும். தண்டுவடக் காயத்துக்கு இந்த நிபந்தனை எவ்வளவு பொருத்தமான பலவீனம் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

இரும்பு ஓட்டும் இந்தக் கொழுப்புச் சங்கிலியால் செல் சாவதற்கு ஃபெராப்டோசிஸ் என்று பெயர் வைத்தது 2012இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல்லின் ஆய்வகம். கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸ்காட் டிக்சன். அவர்கள் நரம்புக் காயத்தைத் தேடிப் போகவில்லை. புற்றுநோய் செல்களைக் கொல்லும் மூலக்கூறுகளைத் தேடும்போது 2003இல் எராஸ்டின் என்ற ஒன்று கிடைத்தது. அது கொன்ற செல்களில் வழக்கமான தற்கொலைப் பாதையான அப்போப்டோசிஸின் தடயம் எதுவும் இல்லை. இரும்பைப் பிடித்துக்கொள்ளும் மருந்தைச் சேர்த்தால் செல்கள் பிழைத்தன. பிறகுதான் எராஸ்டின் அந்த சிஸ்டின் வாசலை அடைக்கிறது என்று தெரிந்தது. ஜிபிஎக்ஸ்4தான் மையக் காவல் என்பது 2014இல் உறுதியானது. 2019இல் எஃப்எஸ்பி1 என்ற இரண்டாவது காவலையும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. இவ்வளவும் திரும்பத் திரும்பப் பல ஆய்வகங்களில் சரிபார்க்கப்பட்ட விஷயம். செல் அளவில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சரி, தண்டுவடத்துக்கு வருவோம். அங்கே அடி விழுந்தவுடன் சாம்பல் பகுதியின் நுண்குழாய்கள் கிழிந்து ரத்தம் கசிகிறது. ஒரு சிவப்பணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். ஆக, ஒரே ஒரு சிவப்பணு உடைந்தால் 100 கோடிக்கும் மேற்பட்ட இரும்பு அணுக்கள். ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீமை, ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி உடைக்கும்போது வெளிவருவது ஃபெரஸ் இரும்பு, அதாவது ஆபத்தான வடிவம். செல்கள் அதை ஃபெரிட்டின் என்ற புரதக் கூட்டில் பூட்டப் பார்க்கும். ஒரு கூடு 4500 அணுக்கள்வரை கொள்ளும். வரத்து கூட்டின் கொள்ளளவை மிஞ்சினால், அல்லது செல் அந்தக் கூட்டையே சிதைத்தால், இரும்பு கட்டற்று அலைகிறது.

அதே நேரத்தில் உடைந்த நரம்பு செல்கள் குளூட்டமேட்டைக் கொட்டுகின்றன. செல்லுக்கு வெளியே குளூட்டமேட் குவிந்துவிட்டால், உள்ளேயிருந்து அதை வெளியே தள்ளி சிஸ்டினை வாங்கும் பரிமாற்றம் திணறுகிறது. குளூட்டாத்தியோன் குறைகிறது, ஜிபிஎக்ஸ்4 கையறுந்து நிற்கிறது. ஆக, இரும்பு பெருகும் அதே இடத்தில் காவல் தளர்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் செல் சமாளித்துவிடலாம். இரண்டும் சேரும் இடத்தில்தான் ஃபெராப்டோசிஸ் வருகிறது. இரும்பு இரும்பு என்று மட்டும் பேசினால் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

யார் அதிகம் சாகிறார்கள் என்பதும் முக்கியம். நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மைலின் உறையைச் செய்யும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்களுக்குக் கொழுப்பு உற்பத்திக்காக இரும்பு நிறைய வேண்டும். மைய நரம்பு மண்டலத்தில் மிக அதிக இரும்பை வைத்திருப்பவை அவைதான். குளூட்டாத்தியோன் இருப்போ குறைவு. அடிபட்ட தண்டுவடத்தில் பல நரம்பு இழைகள் அறுபடாமல் மிஞ்சுகின்றன. ஆனால் இந்தச் செல்கள் செத்து உறை கழன்றால் அந்த இழைகளில் சமிக்ஞை ஓடாது. இழை இருந்தும் பயனில்லாமல் போகிறது. இயக்க நரம்பு செல்களும் இதே வகையில் பலவீனமானவை. 2015இல் ஒரு குழு, வளர்ந்த எலிகளின் நரம்பு செல்களில் மட்டும் ஜிபிஎக்ஸ்4ஐ நீக்கியது. எலிகள் வேகமாக முடங்கி இறந்தன. தண்டுவடத்தின் இயக்க நரம்பு செல்கள் பெருமளவில் அழிந்திருந்தன, மூளைப் புறணியிலோ குறிப்பிடும்படி அழிவு தெரியவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த நாளிலிருந்து, தண்டுவடம் இந்தச் சாவுக்குத் தனியாக இலக்காகிற இடம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

காயத்திலேயே நேரடியாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஃபெராப்டோசிஸ் என்ற பெயர் வருவதற்கு முன்பே, 2008இல், மெக்கில் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் டேவிட்டின் குழு, இரும்பைச் செல்லிலிருந்து வெளியேற்ற உதவும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் இல்லாத எலிகளில் தண்டுவடக் காயம் மோசமாவதைக் காட்டியது. 2019இல் சீனாவின் தியான்ஜின் ஆய்வாளர்கள், அடிபட்ட எலிகளுக்கு, இரும்பைப் பிடிக்கும் டெஃபெராக்சமின் என்ற மருந்தைக் கொடுத்தபோது ஃபெராப்டோசிஸின் அடையாளங்கள் குறைந்து நடை மேம்பட்டது என்று எழுதினார்கள். அதே வருடம் எஸ்ஆர்எஸ் 16-86 என்ற தடுப்பு மூலக்கூறிலும் இதுபோன்ற பலன் வந்தது. அதற்குப் பிறகு இந்த வகைக் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. ஏறக்குறைய எல்லாமே எலிகளில், ஏறக்குறைய எல்லாமே நல்ல முடிவு. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையைத்தான் தருகிறது. பலன் கிடைக்காத சோதனைகள் அச்சுக்கு வருவது எந்தத் துறையிலும் குறைவு.

இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரிக்க வேண்டும். காயத்தில் இரும்பு சேர்கிறது என்பதைப் படத்தில் காட்ட, பேர்ல்ஸ் சாயம் என்ற பழைய முறை இருக்கிறது. மெல்லியதாகச் சீவிய திசுவைப் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் கொஞ்ச நேரம் வைத்தால், இரும்பு இருக்கும் இடமெல்லாம் பளிச்சென்று நீலமாகும். அடிபட்டுச் சில வாரம் ஆன எலியின் தண்டுவடத்தை இப்படிச் சாயமேற்றிப் பார்த்தால், நடுவில் திசு கரைந்து குழியாகியிருக்கும். குழியின் ஓரமெல்லாம், சிதைவைத் தின்று கொழுத்த மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் நீலத் திட்டுகள் இருக்கும். பார்க்கிற எவருக்கும், இதோ கொலைகாரன் என்று தோன்றும். ஆனால் அந்தச் சாயம் காட்டுவது ஃபெரிக் இரும்பை, அதாவது ஏற்கெனவே பூட்டிவைக்கப்பட்டதை. கொல்லக்கூடிய ஃபெரஸ் இரும்பு இந்தச் சாயத்தில் தெரியாது. நீலம் அதிகமிருக்கும் செல்தான் இரும்பைப் பிடித்து அடக்கிவைத்திருக்கும் செல்லாகவும் இருக்கலாம். நீலத்தின் அளவை வைத்துச் சாவின் அளவைச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் நான் அங்கேயே நிதானித்துவிடுவேன்.

அடுத்த சிக்கல் அடையாளம். அப்போப்டோசிஸைக் கண்டுபிடிக்க காஸ்பேஸ்-3 என்ற நொதி போன்ற தெளிவான தடயம் இருக்கிறது. ஃபெராப்டோசிஸுக்கு அந்த அளவு தெளிவான ஒற்றைத் தடயம் திசுவில் இன்னும் கிடைக்கவில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா சுருங்கி, அதன் சவ்வு அடர்ந்து தெரியும், உட்கரு பெரும்பாலும் சிதையாமல் இருக்கும். ஆக்சிஜன் ஏறிய கொழுப்பின் சிதைவுப் பொருள்கள் கூடியிருக்கும், ஜிபிஎக்ஸ்4 குறைந்திருக்கும், ஏசிஎஸ்எல்4 என்ற நொதி கூடியிருக்கும். இவை எல்லாம் சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் வேறு காரணத்தால் சாகிற செல்லிலும் கடைசிக் கட்டத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் நடக்கும். நுண்ணோக்கியில் ஒரு செல்லைப் பார்த்து, இது அதனால்தான் செத்தது என்று சத்தியம் செய்ய முடியாது. அடிபட்ட ஒரே தண்டுவடத்தில் அப்போப்டோசிஸ், நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ் என்ற வேறு வகைச் செல் சாவுகளும் நேரடியாக நசுங்கிச் சாவதும் எல்லாம் அக்கம்பக்கமாக நடக்கின்றன. அதில் இரும்பின் பங்கு எவ்வளவு என்பதற்கு மனிதத் தண்டுவடத்தில் நம்பகமான எண் எதுவும் கிடையாது. நூற்றுக்கு இத்தனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருந்துகளை வைத்து வாதிடுவதிலும் இதே கஷ்டம். டெஃபெராக்சமின் இரும்பைப் பிடிக்கிறது என்பது சரி. ஆனால் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து செல்லைத் தயார்ப்படுத்தும் எச்ஐஎஃப் என்ற புரதத்தை அழிக்கும் நொதிகளுக்கும் இரும்பு வேண்டும். டெஃபெராக்சமின் அவற்றையும் முடக்குவதால், செல் வேறொரு பாதுகாப்புத் திட்டத்தையும் இயக்கிவிடுகிறது. எலி நன்றாக நடந்தால் அது எதனால் என்று பிரிப்பது கடினம். எனவே, டெஃபெராக்சமின் பலித்தது, ஆகவே ஃபெராப்டோசிஸ்தான் காரணம் என்ற வரி எனக்குப் போதவில்லை. ஜிபிஎக்ஸ்4ஐக் கூட்டியும் குறைத்தும் பார்த்த மரபணுச் சோதனைகளுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

இதையெல்லாம் தாண்டி என்னை எச்சரிக்கையாக வைத்திருப்பது மெத்தில்பிரெட்னிசோலோனின் கதை. தண்டுவடக் காயத்தில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் நடக்கிறது, அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதில்லை. 1980களிலேயே அதுதான் முன்னணிக் கருத்து. 1988இல் பூனைகளில் வைட்டமின் ஈ பலன் தந்தது, ஆனால் காயத்துக்கு முன்பே கொடுக்க வேண்டியிருந்தது. மெத்தில்பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டை அவ்வளவு பெரிய அளவில், கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று கொடுத்ததற்கே முக்கியக் காரணம் அந்த அளவில் அது கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்பதுதான். 1990இல் வெளிவந்த பெரிய சோதனையில் 487 பேர் இருந்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெளிவாக இல்லை. 8 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கியவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. 1997இல் வந்த அடுத்த சோதனையில் டிரிலசாட் என்ற, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்கென்றே செய்யப்பட்ட மருந்தும் இருந்தது. அதுவும் நிலைமையை மாற்றவில்லை. தொற்று போன்ற பக்க விளைவுகள் கூடியதால், 2013இல் அமெரிக்க நரம்பு அறுவைச் சிகிச்சை வழிகாட்டி இந்த ஸ்டீராய்டை வேண்டாம் என்றது. 2017இல் இன்னொரு வழிகாட்டி, 8 மணி நேரத்துக்குள் என்றால் ஒரு தேர்வாக யோசிக்கலாம் என்றது. இன்றுவரை நிபுணர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

அந்தக் கருத்தே தவறு என்று சிலர் முடிவுகட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அப்போது சங்கிலியின் கடைசிப் பகுதிதான் தெரிந்திருந்தது. எந்தக் காவல் தளர்கிறது, எந்த செல்லில், எப்போது என்பது தெரியாமலே மருந்து கொடுத்தார்கள். இப்போது அந்தப் பாதை தெரிகிறது, குறி பார்க்க இடம் கிடைத்திருக்கிறது. ஃபெராப்டோசிஸ் ஆய்வு தண்டுவடக் காயத்துக்குத் தந்திருக்கும் உண்மையான லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். மருந்தாக அது இன்னும் வந்து சேரவில்லை.

மற்ற நோய்களில் இரும்பைப் பிடிக்கும் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்களுக்கு டெஃபெராக்சமின் கொடுத்த சோதனை 2019இல் வந்தது. பாதுகாப்பாக இருந்தது, ஆனால் 90 நாளில் எதிர்பார்த்த பலன் இல்லை. அதற்கு முன் கூடுதல் அளவில் தொடங்கிய சோதனையை நுரையீரல் பாதிப்பு பற்றிய கவலையால் நிறுத்தியிருந்தார்கள். இன்னும் முக்கியமானது 2022இல் வந்த பார்க்கின்சன் நோய்ச் சோதனை. மூளையில் இரும்பு கூடியிருப்பது அந்த நோயில் நன்றாகத் தெரிந்த விஷயம். இரும்பைக் குறைத்தால் நல்லது என்று 372 பேரை வைத்து டெஃபெரிப்ரோனைச் சோதித்தார்கள். மூளையில் இரும்பு குறைந்தது. நோய் அறிகுறிகளோ, மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களுக்கு மோசமாகின. இரும்பு சேர்ந்திருக்கிறது என்பதாலேயே அதை எடுத்தால் நல்லது என்று ஆகிவிடாது. நரம்பு செல்கள் சுவாசிக்கவும், டோபமின் போன்றவற்றைச் செய்யவும், மைலின் உறையைக் கட்டவும் அதே இரும்புதான் வேண்டும்.

இனி உங்கள் தம்பியின் விஷயம். எட்டு மாதத்தில் அந்த முதல் அலை ஓய்ந்துவிட்டது. காயத்தின் நடுவில் வடுவும் குழியும் உருவாகி, ரத்தத்தின் இரும்பு பெரும்பாலும் பூட்டப்பட்ட வடிவில் தங்கியிருக்கும். சின்ன அளவில் அழற்சி நீண்டகாலம் தொடர்கிறது என்பதும், இரும்பைத் தின்ற மேக்ரோஃபேஜ்கள் அதைத் தூண்டிக்கொண்டே இருக்கலாம் என்பதும் எலி ஆய்வுகளிலிருந்து தெரிகிறது. ஆனால் இந்தக் கட்டத்தில் இரும்பை எடுத்தால் இழந்த இயக்கம் திரும்பும் என்பதற்கு எலியிலேயே நல்ல ஆதாரம் கிடையாது. நான் சொன்ன எலிச் சோதனைகளில் மருந்து கொடுத்தது அடிபட்ட உடனே அல்லது சில மணி நேரத்தில். அதனால் எதையோ தவறவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம். அடிபட்ட அன்றுகூட, மனிதர்களுக்குக் கொடுக்க நிரூபிக்கப்பட்ட ஃபெராப்டோசிஸ் தடுப்பு மருந்து எந்த மருத்துவமனையிலும் இல்லை. அன்று உண்மையிலேயே வித்தியாசம் செய்யக்கூடியவை, அழுத்தும் எலும்பைச் சீக்கிரம், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், விலக்குவதும் ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

டெஃபெராக்சமினை இப்போது கேட்டு வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது தலசீமியா போன்ற நோய்களில் ரத்தம் ஏற்றி ஏற்றி உடம்பில் இரும்பு நிரம்பியவர்களுக்கான மருந்து. ரத்தத்தில் சீக்கிரமே கரைந்துபோவதால் தோலுக்கடியில் மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். ரத்தத்திலிருந்து கண்டதும் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகாமல் காக்கும் தடுப்பை அவ்வளவாகத் தாண்டாது. கண்ணையும் காதையும் பாதிக்கலாம். சிலவகைத் தொற்றுகளுக்கு வழிவிடும். நரம்புக்குள் வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரியும், தண்டுவடக் காயம் உள்ளவருக்கு ஏற்கெனவே அந்த ஆபத்து இருக்கிறது. ரத்தசோகை உள்ள ஒருவரின் உடம்பிலிருந்து மேலும் இரும்பை எடுக்கிறோம் என்ற கேடும் இதோடு சேரும்.

இரும்பு மாத்திரை தண்டுவடத்தில் போய்ச் சேருமே என்ற பயத்துக்கு: உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். குடலில் எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கட்டுப்படுத்துகிறது. உறிஞ்சியது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தோடு கட்டுண்டுதான் ரத்தத்தில் பயணம் செய்கிறது. ரத்தசோகையைச் சரிசெய்யும் அளவில் எடுக்கும் மாத்திரை, எட்டு மாதப் பழைய காயத்தில் செல் சாவைக் கூட்டும் என்பதற்கு எந்த ஆதாரமும் எனக்குத் தெரிந்து இல்லை. ரத்தசோகை தொடர்ந்தால் வரும் கேடு நன்றாகத் தெரிந்தது. சோர்வு கூடும், பிசியோதெரபியில் உடல் ஒத்துழைக்காது, படுக்கைப் புண் இருந்தால் ஆறத் தாமதமாகும்.

வைட்டமின் ஈ, செலினியம், கோஎன்சைம் கியூ10 எல்லாம் ஃபெராப்டோசிஸைத் தடுக்கும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் அந்தப் பாதையில் இருப்பவைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் பாதையில் இருப்பதும், வாயில் போட்டால் காயத்துக்குள் போய் வேலை செய்வதும் ஒன்றாகாது. செலினியம் கொஞ்சம் கூடினாலே முடி கொட்டும், நகம் உடையும், நரம்புக்கே தொல்லை வரும். குறைபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் ஒழிய அதைத் தனியாகக் கொடுக்காதீர்கள்.

மருத்துவரிடம் கேட்க உருப்படியான கேள்விகள் சில உண்டு. முதலாவது, தம்பிக்கு இருப்பது உண்மையில் இரும்புக் குறைபாட்டு ரத்தசோகையா? தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு, அதுவும் படுக்கைப் புண்ணோ அடிக்கடி சிறுநீர்த் தொற்றோ இருந்தால், நீடித்த அழற்சியாலும் ரத்தசோகை வரும். அப்போது ஹெப்சிடின் கூடி, இருக்கும் இரும்பு உள்ளேயே பூட்டிக்கொள்ளும், மாத்திரை கொடுத்தாலும் சரியாக ஏறாது. ஃபெரிட்டின் அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, தொற்று இருந்தால் அது தானாகவே உயரும். டிரான்ஸ்ஃபெரின் செறிவு விகிதத்தையும், அதாவது அந்தப் புரதத்தில் எவ்வளவு பங்கு இரும்பு ஏறியிருக்கிறது என்பதையும், சேர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அழற்சிதான் காரணம் என்றால் புண்ணையும் தொற்றையும் சரிசெய்வதே முதல் சிகிச்சை.

அப்புறம் மலச்சிக்கல். இரும்பு மாத்திரை பலருக்கு மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். காயத்தால் குடல் இயக்கம் ஏற்கெனவே மந்தமாகியிருப்பவருக்கு இது சின்னத் தொல்லை இல்லை. காயம் மார்பின் மேல்பாதியிலோ கழுத்திலோ இருந்தால், குடல் அடைபட்டு இறுகுவது திடீரென்று ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். தலைவலியும் முகம் சிவந்து வியர்ப்பதும் சேர்ந்து வந்தால் அவரை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து மருத்துவ உதவி தேடுங்கள். மாத்திரை எடுக்கத் தொடங்கிய பிறகு மலம் கழிப்பது கஷ்டமாகியிருந்தால் அதைச் சொல்லி, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா, வேறு வகை இரும்புக்கு மாற்றலாமா, ஊசியாக ஏற்றலாமா என்று கேளுங்கள். காயம் எந்த மட்டத்தில், ஹீமோகுளோபின் எவ்வளவு, புண் ஏதாவது இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. அவற்றைச் சொன்னால் எந்தப் பரிசோதனையை முதலில் கேட்பது என்பதை இன்னும் குறிப்பாக எழுத முடியும்.